முடிவைச் சொன்னால் என்ன?

அமெரிக்க எழுத்தாளர் இ. லாக்ஹார்ட் எழுதி 2014-ல் வெளிவந்த 'வீ வேர் லயர்ஸ்' என்ற நாவலின் முடிவை நான் இங்கே சொல்லத்தான் போகிறேன். அது பாபம் என்று நினைக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கான மர்ம நாவல். யாராவது முடிவைக் கேட்டால் பொய் சொல்லிவிடும்படி பதிப்பாளர்களே வாசகரைக் கேட்டுக்கொண்டார்கள். வியாபாரத்துக்குக் கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் இந்தக் கதைக்கு இதைவிடப் பெரிய துரோகம் செய்ய முடியாது என்பது என் கட்சி.

மாஸாசூஸெட்ஸ் கரைக்கு அப்பால் ஒரு தீவு. சின்க்ளேர் குடும்பத்தின் சொந்தச் சொத்து. லியர் ராஜாவைப் போலவே கிழவர் ஹாரிஸுக்கும் மூன்று பெண்கள். பாட்டி காலமானதும் எந்த வீடு யாருக்கு என்று சண்டை. மூவரும் தத்தம் பிள்ளைகளைத் தாத்தாவிடம் தூது அனுப்புகிறார்கள். துக்கம் வந்தாலும் அழக் கூடாது, எல்லாம் சரியாகவே இருப்பதாக நடந்துகொள்ள வேண்டும். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். ஒரு பெண்ணோடு வாழ்கிற எட் இந்திய வம்சத்தவர். அவர் மூலம் கோடைதோறும் அங்கே வருகிறவன் காட் என்ற பையன். அவர்கள் நிறம் கிழவருக்குப் பிடிக்கவில்லை. அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பேத்தி கேடென்ஸ், அவள் பெரியம்மா சித்தி பிள்ளைகள் ஜானி, மிர்ரன், இந்தக் காட், நாலு பேரும் உயிர்ச் சிநேகிதர்கள். பெரிய வீட்டைக் கொளுத்திவிட்டால் சண்டை ஓயும் என்று நம்பிக் கொளுத்துகிறார்கள். கேடென்ஸ் மட்டும் பிழைக்கிறாள், நினைவு தப்பி. இரண்டு வருஷம் கழித்து அதே தீவில் அவள் பேசிச் சிரிப்பதெல்லாம் செத்துப் போனவர்களோடுதான்.

சொல்லிவிட்டேன். நாவல் செத்துவிட்டதா?

ஈடிபஸின் கதி தெரியாமலா ஏதன்ஸ் ஜனங்கள் ஸோபாக்ளீஸின் நாடகத்துக்குப் போனார்கள்? தெரிந்துதான் போனார்கள், தெரிந்ததனால்தான் அவன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவர்கள் வயிற்றைக் கலக்கிற்று. இந்த நாவலும் அப்படித்தான். ஒரு தாய் தன் மகளைத் தாத்தாவிடம் போய்க் குழையச் சொல்கிற இடத்தை, முடிவு தெரிந்தபின் படித்துப் பாருங்கள். தீக்குச்சி அங்கேயே கிழிக்கப்பட்டுவிட்டது. மர்மத்தைத் துரத்துகிற அவசரத்தில் அங்கே யார் நிற்பார்கள்?

2025-ல் திரைத் தொடராகவும் வந்துவிட்டது. இனியும் என்ன பரம ரகசியம்? ஆனாலும் 'உஷ்' என்கிறார்கள். மௌனத்தால் நாசமான ஒரு குடும்பத்தைப் பற்றிய புஸ்தகம் ஐயா இது! வாசகனுக்கும் அந்த மௌனத்தையே கற்பித்து அவனையும் ஒரு சின்க்ளேர் ஆக்கிவிடுகிறார்களே!

சொத்துச் சண்டையும் பொய்ச் சிரிப்புமாக உள்ள வீட்டில் வளர்கிற பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இதைப் படித்துவிட்டுத் தோழியிடம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்டிலேயும் இப்படித்தாண்டி" என்று அவள் வாய் திறக்கக்கூடிய சமயம் அது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதோ, "முடிவைக் கேக்காதே, போ!"