அலெக்ஸ் சால்மண்ட்: கணக்கில் கோட்டை விட்ட பொருளாதார நிபுணர்

ஸ்காட்லாந்து 2014-ல் ஏன் தோற்றது என்று கேட்டால் தனிநாடு ஆதரவாளர்கள் உடனே ஒரு பட்டியல் வாசிப்பார்கள். ஊடகங்கள் சதி செய்தன, லண்டன் தலைவர்கள் கடைசி இரண்டு நாளில் பொய் வாக்குறுதி கொடுத்தார்கள், வயசானவர்கள் பென்ஷனுக்குப் பயந்துவிட்டார்கள்... இப்படி. வாக்காளர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று சால்மண்டே சொன்னார். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணத்தை இந்தப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. "உங்கள் நாட்டில் எந்த கரன்சி?" என்ற கேள்விக்கு சால்மண்டிடம் உருப்படியான பதில் இல்லை. அதுதான் காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்தவர் சாதாரண மேடைப் பேச்சாளர் இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் இடைக்கால வரலாறும் படித்தவர். 1980-லிருந்து 1987 வரை ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் பொருளாதார நிபுணராக வேலை பார்த்தவர். வட கடல் எண்ணெய்தான் அவருடைய ஸ்பெஷாலிட்டி. அரசியலுக்கு வந்தவர்களில் இவ்வளவு பொருத்தமான தகுதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

திறமையைக் குறை சொல்லவே முடியாது. 1982-ல் இடதுசாரி குழு நடத்தினார் என்று சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது. திரும்பி வந்தார். 1987-ல் எம்.பி. ஆனார். அடுத்த வருடமே நிதியமைச்சர் நைஜல் லாசனின் பட்ஜெட் உரையில் குறுக்கிட்டு சஸ்பெண்ட் ஆகி நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். 1990-ல் கட்சித் தலைவர். 2007 தேர்தலில் லேபர் கட்சி 46 இடம், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 47 இடம். அந்த ஒரு இடத்தை வைத்துக்கொண்டு நான்கு வருடம் சிறுபான்மை அரசு நடத்தினார். பட்டதாரிகளிடம் வசூலித்த கட்டணத்தை ரத்து செய்தார், மருந்துச் சீட்டுக் கட்டணத்தை ஒழித்தார். 2011-ல் 129-ல் 69 இடம்! யாருக்கும் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காதபடி அமைத்த தேர்தல் முறையில் இதைச் சாதித்தார். அதனால்தான் 2012-ல் டேவிட் கேமரூன் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

இவ்வளவு தூரம் வந்த மனிதர் பவுண்டில் போய் மாட்டிக்கொண்டார்.

அவர் திட்டம் இதுதான்: ஸ்காட்லாந்து தனிநாடு ஆகும், ஆனால் பவுண்டையே வைத்துக்கொள்ளும். பேங்க் ஆஃப் இங்கிலாந்து இரண்டு நாட்டுக்கும் பொது மத்திய வங்கியாக இருக்கும். 2014 பிப்ரவரியில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் "முடியாது" என்றார். லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் அதையே சொன்னார்கள். சால்மண்ட் இதை வெற்று மிரட்டல் என்று தள்ளிவிட்டார். பவுண்ட் என்பது பொதுச் சொத்து, அதில் பங்கு தராவிட்டால் கடனிலும் பங்கு ஏற்க மாட்டோம் என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேலன்ஸ் ஷீட் படித்தவர்களுக்கு இது இடிக்கும். பங்கு பிரிக்க கரன்சி என்ன கட்டடமா, நிலமா? அது ஒரு உத்தரவாதம். வங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு மத்திய வங்கி, அதன் பின்னால் வரி கட்டும் மக்கள். இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், சால்மண்ட் வேலை பார்த்த வங்கியே போதும். 2007-ல் அந்த வங்கி டச்சு வங்கியான ஏபிஎன் ஆம்ரோவை வாங்கக் கிளம்பியபோது, முதல்வரான சால்மண்ட் அதன் தலைமை அதிகாரி ஃப்ரெட் குட்வினுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார். அடுத்த வருடமே வங்கி கவிழ்ந்தது. பிரிட்டிஷ் அரசு மொத்தம் 4,550 கோடி பவுண்ட் போட்டுக் காப்பாற்றியது. வங்கியின் பேலன்ஸ் ஷீட் ஸ்காட்லாந்தின் ஓராண்டு உற்பத்தியைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட வங்கிக்கு ஜாமீன் நிற்கும் வேலையை, பிரிந்து போகும் நாட்டுக்காக இங்கிலாந்து வாக்காளர் ஏன் ஏற்க வேண்டும்? இதற்குப் பதில் "மிரட்டுகிறார்கள்" என்பதா?

2014 ஆகஸ்ட் 5 தொலைக்காட்சி விவாதத்தில் அலிஸ்டர் டார்லிங் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்: இது நடக்காவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன? சால்மண்ட் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர பதில் வரவில்லை. இருபது நாள் கழித்து நடந்த இரண்டாவது விவாதத்தில் அவர் ஜெயித்தார், உண்மைதான். ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

எண்ணெய்க் கதையும் இதே கதைதான். இங்கே லண்டன் செய்த அயோக்கியத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். 1974-ல் கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார நிபுணர், எண்ணெய் வருமானத்தால் தனி ஸ்காட்லாந்து பெரும் உபரியில் இருக்கும் என்று அறிக்கை எழுதினார். அது 2005 வரை வெளியே வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரன் கோபப்பட்டால் நியாயம். ஆனால் 1974-ன் கணக்கை வைத்து 2014-ல் கடை திறக்க முடியுமா? 2013-ல் வந்த தனிநாட்டு வெள்ளை அறிக்கை பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டது. தனிநாடு பிறக்க அது குறித்த நாள் 2016 மார்ச் 24. அந்த ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே போய்விட்டது. 2015-16-ல் ஸ்காட்லாந்தின் எண்ணெய் வரி வருமானம் வெறும் 6 கோடி பவுண்ட் என்று ஸ்காட்டிஷ் அரசின் கணக்கே சொன்னது. விலை சரியும் என்று யாராலும் ஆரூடம் சொல்ல முடியாது, சரி. ஆனால் எண்ணெய் விலை ஏறி இறங்கும் என்பது எண்ணெய்ப் பொருளாதார நிபுணருக்குத் தெரியாதா?

2014 செப்டம்பர் 18: வேண்டாம் என்றவர்கள் 20,01,926 பேர், வேண்டும் என்றவர்கள் 16,17,989 பேர். வித்தியாசம் நான்கு லட்சம்கூட இல்லை. அதில் பாதிப் பேருக்கு மேல் மனம் மாறியிருந்தால் வரலாறே வேறு. அவர்களை ஜெயிக்கக் கொடி தேவைப்படவில்லை. மாசக் கடைசியில் சம்பளம் எந்தப் பணத்தில் வரும், வீட்டுக் கடன் எந்தப் பணத்தில் போகும் என்ற பதில்தான் தேவைப்பட்டது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பதவி விலகல், ரஷ்ய அரசு சேனலில் நிகழ்ச்சி, பாலியல் குற்றச்சாட்டு வழக்கு, 2020-ல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை, நிக்கோலா ஸ்டர்ஜனோடு பகை, 2021-ல் அல்பா கட்சி, 2024 அக்டோபரில் வடக்கு மாசிடோனியாவில் மரணம். இதையெல்லாம் வைத்து அவரை ஹீரோ, வில்லன் என்று பேசிக்கொண்டிருப்பது சுலபம். ஆனால் அவர் கட்சியே 2019-ல், தனிநாடானால் கூடிய சீக்கிரம் சொந்த கரன்சிக்கு மாற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதாவது டார்லிங் கேட்ட கேள்வி நியாயமானது என்று ஐந்து வருடம் கழித்து ஒப்புக்கொண்டது.

கணக்குக் கேட்பவன் எல்லாம் துரோகி இல்லை. தனிநாடு கேட்கும் எந்தத் தலைவனுக்கும் சால்மண்ட் விட்டுப்போன பாடம் இதுதான். அரைகுறைக் கணக்கோடு மக்களிடம் போனால், ஒரு தலைமுறைக்கு ஒரு முறை திறக்கும் கதவு முகத்தில் அறைந்து மூடிக்கொள்ளும்.