காத்திருப்பது வேலையில்லையாம்!

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அதிசயம் நிகழ்ந்ததென்று முதலாளிமார் ஏடுகள் ஒரு காலத்தில் கொட்டி முழக்கின. பாறையைப் பிளந்தார்களாம், எண்ணெய் வந்ததாம், ஆளரவமற்ற சமவெளியில் பணம் விளைந்ததாம்! பிளந்தது உண்மை, வந்ததும் உண்மை. அந்தப் பாறையருகே தண்ணீரைக் கொண்டு சேர்த்தவன் யார், மணலைக் கொட்டியவன் யார் என்று கேட்டால் மட்டும் அந்த ஏடுகளுக்கு வாய் அடைத்துவிடும். நாம் அவனைப் பற்றிப் பேசுவோம், தோழர்களே!

பாக்கன் பாறை தரைக்குக் கீழே சுமார் 2 மைல் ஆழத்தில் இருக்கிறது. இறங்கும் துளை அங்கே திரும்பிப் படுக்கைவாட்டில் இன்னும் 2 மைல் ஓடும். பிறகு தண்ணீர், மணல், இரசாயனம் மூன்றையும் கலந்து பேரழுத்தத்தோடு உள்ளே செலுத்துவார்கள். பாறை வெடிக்கும், வெடிப்பு மீண்டும் மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக் கொடுக்கும், எண்ணெய் கசிந்து வரும். சொல்வதற்கு எளிது! கிணறு இருப்பதோ கோதுமை வயலுக்கு நடுவே. உழவர்கள் தானியம் ஏற்றிச் செல்லப் போட்ட சரளைச் சாலைதான் வழி. மணலும் கண்ட மணல் ஆகாது. உருண்டு திரண்ட, அழுத்தம் தாங்கும் மணி வேண்டும். அது விஸ்கான்சினிலிருந்து ரயிலேறி வந்து, லாரிக்கு மாறிக் கிணற்றடி சேர்ந்தது. குழாய்கள் பெருகாத அந்த நாட்களில் ஒரு கிணற்றை முடிக்க ஏறத்தாழ 2000 லாரி நடை என்று கணக்கிட்டார்கள். ஒரே ஒரு கிணற்றுக்கு! 2012இலோ துளையிடும் கோபுரங்கள் 200க்கு மேல் நின்றன.

வில்லிஸ்டன் நகரில் 2010இல் 14,716 பேர். 2020இல் 29,160 பேர். பிற மாநிலங்களில் வேலையிழந்தவர்கள் திரண்டு வந்தார்கள். கூலி நன்றாகவே கிடைத்தது, அதை மறைப்பானேன்? தலைசாய்க்கத்தான் இடமில்லை. கடை வாசல்களில் வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள்.

இனி அந்நாட்டுச் சட்டத்தின் அழகைப் பாருங்கள். 8 நாளில் 70 மணி நேரம் உழைத்த லாரி ஓட்டுநர், 34 மணி நேரம் ஓய்ந்தால்தான் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம். எண்ணெய்க் களத்துக்கென்றே ஓடும் வண்டியா? 24 மணி போதும்! அங்கே உடம்பு சீக்கிரம் தேறிவிடும் போலும்! அந்தத் தொழிலுக்கென்றே அமைத்த வண்டிகளை ஓட்டுவோர் கிணற்றடியில் காத்திருக்கும் நேரமோ, பணி நேரத்தில் சேரவே சேராது. பத்து மணி நேரம் குளிரில் காத்துக் கிடந்தவன், அதற்குப் பிறகும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். கணக்குப்படி அவன் களைக்கவில்லை! சரக்குக்காக வரிசையில் நின்று பழகிய தோழர்களுக்குக் காத்திருப்பு ஆளை எப்படித் தின்னும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மணலும் தண்ணீரும் ஏற்றும் லாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை என்று 2012இல் அரசு விளக்கம் சொன்னபோது, தொழிலதிபர் சங்கங்கள் எதிர்த்தன. எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பணியின்போது மாண்டவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நால்வர் சாலையில் மாண்டவர்கள் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையே தந்த கணக்கு.

சாலையில் தப்பியவனுக்கு மணல் தூசி காத்திருந்தது. 11 களங்களில் எடுத்த 116 காற்று மாதிரிகளில் 47 விழுக்காடு, அன்றைய சட்ட வரம்பை மீறியிருந்தது. 2012இல் எச்சரிக்கை வந்தது. 2016இல் வரம்பை இறுக்கினார்கள். தூசியை அடக்கும் பொறியமைப்புக்கு மட்டும் 2021 வரை கெடு! நுரையீரலுக்கு யார் கெடு வாங்கித் தருவது?

வந்த எண்ணெயை வெளியே கொண்டு போவதும் லாரிதான், ரயில்தான். நியூ டவுனில் ஏற்றிய எண்ணெய், 72 தொட்டி வண்டிகளில், கனடாவைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சுத்திகரிப்பாலைக்குப் புறப்பட்டது. அவ்வளவு நீள ரயிலுக்கு ஒரே ஒரு ஓட்டுநர். 2013 சூலையில் ஓரிரவு, அவர் ரயிலைச் சரிவில் நிறுத்திவிட்டு உறங்கப் போனார். நள்ளிரவுக்குப் பின் அது தானாக உருண்டு, லாக்-மெகாண்டிக் ஊரின் நடுவே தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் மாண்டார்கள். சரக்குத் தாளில் எழுதியிருந்ததைவிட எளிதில் பற்றும் எண்ணெய் அது என்று விசாரணை கண்டது.

பிறகு விலை சரிந்தது. 2016இல் கோபுரங்கள் 30க்கும் கீழே இறங்கின. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2017இல், ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மக்களின் எதிர்ப்பை மீறி, பெருங்குழாய் எண்ணெயைச் சுமக்கத் தொடங்கியது.

அந்த 47 உயிர்களுக்கான குற்றவழக்கோ 2018 வரை இழுத்தது. விசாரணைக் கூண்டில் நின்றவர்கள் மூன்று ஊழியர்கள். ரயில் ஓட்டுநர் அவர்களில் ஒருவர். கம்பெனித் தலைவர்கள் அந்தக் கூண்டில் ஏறவில்லை. சனவரியில் நடுவர் குழு மூவரையும் விடுவித்தது.