மரபு எந்தப் பாகத்தில் இருக்கிறது? ஹாட் ராட் வண்டிகளை முன்வைத்து ஒரு வாதம்



சென்ற வாரம் துறைக் கலந்துரையாடலில் அமெரிக்க ஹாட் ராட் வண்டிகளைப் பற்றிப் பேசினேன். பழைய காரின் எடையைக் குறைத்து, வேகத்துக்காக எஞ்சினைத் திருத்தியோ மாற்றியோ அமைத்த வண்டிக்கே அப்பெயர். பேசி முடித்ததும் சக ஆய்வாளர் ஒருவர் கேட்டார்: “1932ஆம் ஆண்டு ஃபோர்டின் உடலுக்குள் பிற்கால எஞ்சினையும் தானியங்கி கியர்பாக்ஸையும் வைத்துவிட்டு அதை மரபு என்கிறீர்களே, அது மரபுச் சிதைவு அல்லவா?” அரங்கில் பலர் தலையசைத்தனர். நேரமின்மையால் அன்று சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. 1930களில் தென் கலிஃபோர்னிய இளைஞர்கள் ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ வண்டிகளை மலிவாக வாங்கினர், மட்கார்டுகளைக் கழற்றினர், முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகத்தைச் சோதித்தனர். 1932இல் ஃபோர்டு வெளியிட்ட ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டது. அது பழைய வண்டிகளில் இடம்பெயர்ந்து அமர்ந்தது. ஃபோர்டு கியர்பாக்ஸின் கூட்டுக்குள் லிங்கன் செஃபிர் காரின் பல்சக்கரங்களைப் பொருத்தினர். 1955இல் செவ்ரோலேயின் சிறிய வி8 வந்ததும் பலர் அதற்கு மாறினர். 1932 ஃபோர்டின் பிரேக் கம்பி இழுவையால் இயங்கியது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939இல்தான். வேகம் கூடியபோது ஹைட்ராலிக் பிரேக்கையும் பழைய வண்டிக்குக் கொண்டுவந்தனர். அதை எவரும் சிதைவு என்பதில்லை. எனில், கியர்பாக்ஸை மாற்றுவது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

ஆயினும் எதையும் எதனோடும் பூட்டலாம் என்பது என் வாதமன்று. இந்தக் கலையின் அறிவு, பொருத்தம் பார்ப்பதில் இருக்கிறது.

ஃப்ளாட்ஹெட் எஞ்சினைப் புதுப்பிப்பதை எடுத்துக்கொள்வோம். அதில் வால்வுகள் பிளாக்கிலேயே உள்ளன. வெளியேறும் புகையும் பிளாக்கின் ஊடாக, குளிர்விக்கும் நீரை ஒட்டியே செல்கிறது. ஆகவே வெப்பம் அதன் பிறவிக் குறை. வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையிலும், போல்ட் துளைகளைச் சுற்றியும் விரிசல் விழும். எனவே தேர்ந்த பட்டறைக்காரர் முதலில் பாகங்களை வாங்குவதில்லை. பிளாக்கை முழுதாகக் கழற்றித் துப்புரவாக்கி, காந்தத் துகள் சோதனையால் விரிசலைத் தேடுகிறார். முன்னமே பலமுறை போரிங் செய்யப்பட்டுச் சுவர் மெலிந்துள்ளதா என்று பார்க்கிறார். கிராங்க் தண்டின் தேய்மானத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கிறார். அதன் பிறகே பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும். அளக்குமுன் பிஸ்டன் வாங்குபவர், தரவைக் காணுமுன் முடிவுரை எழுதும் ஆய்வாளரைப் போன்றவர்.

கியர்பாக்ஸ் தேர்வும் இத்தகையதே. வண்டியின் எடை, எஞ்சினின் முறுக்கு விசை எந்தச் சுழற்சியில் உச்சம் பெறுகிறது, பின் அச்சின் விகிதம், டயரின் உயரம் ஆகிய நான்கும் தெரியாமல் விடை கிடைக்காது. பின் அச்சு விகிதம் 3.78, டயர் உயரம் 28 அங்குலம் எனக் கொள்வோம். மூன்று கியர் பெட்டியின் நேரடிக் கியரில் மணிக்கு 60 மைல் செல்ல, எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,720 முறை சுழல வேண்டும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.72 ஆக உள்ள பெட்டியில் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 1,960 போதும். நெடுஞ்சாலையில் எஞ்சினின் உழைப்பும் இரைச்சலும் குறையும். மேட்டில் கியரைக் குறைத்தாக வேண்டும். தானியங்கிப் பெட்டி எனில் வேறு கணக்கு. அதன் டார்க் கன்வர்ட்டர் எந்தச் சுழற்சியில் பிடிக்கத் தொடங்குகிறது என்பது கேம் தண்டின் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும். உயர் சுழற்சிக்கான கேம் தண்டோடு சாதாரண கன்வர்ட்டரை இணைத்தால் வண்டி சிக்னலில் நின்றபடியே திணறும். மேலும், 1948 வரையிலான ஃபோர்டு கார்களில் ஓட்டுத் தண்டு மூடிய குழாய்க்குள் உள்ளது. நவீனப் பெட்டியைத் தேர்ந்தால், பெரும்பாலும் பின் அச்சையும் மாற்ற நேரும். ஒரு முடிவு அடுத்த முடிவை இழுத்து வருகிறது.

இனி என் நிலைப்பாடு. பிளாக் உறுதியாக இருந்தால் பழைய எஞ்சினையே புதுப்பிக்க வேண்டும். புதிய எஞ்சின் மலிவு, நம்பகமானது என்ற வாதம் உண்மைதான். விரிசல் கண்ட பிளாக்குக்கு அதுவே நியாயமான வழியும் ஆகும். ஆனால் நல்ல பிளாக்கை ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் அதை அளக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை ஒன்று குறைகிறது. வேலையற்ற கை, அறிவை அடுத்த தலைமுறைக்குத் தருவதில்லை. கியர்பாக்ஸைப் பயன்பாட்டுக்கு ஏற்பத் தயங்காமல் மாற்றலாம். ஒரே நிபந்தனை, சட்டகத்தை வெட்டக் கூடாது. போல்ட்டால் பூட்டியதைப் பின்வருபவர் கழற்றிவிடலாம். வெட்டியதை மீட்பது அரிது. கழற்றிய பாகத்தையும் செய்த மாற்றத்தின் குறிப்பையும் வண்டியோடே வைத்திருக்க வேண்டும்.

இது நமக்கு ஏன்? இந்தியாவில் 2021இல் வந்த விதிகள், 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் பேணப்பட்ட, சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் காணாத வண்டியையே பழம்பெரும் வாகனம் எனப் பதிவு செய்கின்றன. பதிவு அலுவலகத்துக்கு அத்தகைய எல்லைக்கோடு தேவைதான். அதே கோட்டை நாம் ஆய்வின் வரையறையாக எடுத்துக்கொள்வதே என் அச்சம். அவ்வாறு செய்தால், தொழிற்சாலை செய்தது மட்டும் வரலாறாகும். பட்டறை செய்தது களங்கமாகும். டேவிட் லக்ஸ்கோ 2008இல் வெளியிட்ட ‘தி பிசினஸ் ஆஃப் ஸ்பீட்’ போன்ற நூல்கள், அமெரிக்காவில் இந்தத் திருத்தும் தொழிலையே வரலாற்றின் மையப் பொருளாக்கியுள்ளன. நம் ஊர் லேத் பட்டறைகளின் அளவுக் குறிப்பேடுகள் இன்னும் எண்ணெய்க் கறையோடு மேசையில் கிடக்கின்றன. அவை எடைக்குப் போகுமுன் அங்கே சென்று அமர நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறோம்?

மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன். கேள்வி எழுப்பிய நண்பரின் மறுமொழியைச் சிறப்பாக எதிர்பார்க்கிறேன்.