பாதிரியார் கொடுத்த வாக்கு

கிறிஸ்தவர்கள் கடவுளை இரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒன்று ஆண்டவர், மற்றொன்று பிதா. ஆளுகிறவரும் அப்பாவும் ஒருவரே என்றால் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் ஆண்டவர்கள் எல்லாம் அப்பாவாகவா நடந்துகொண்டார்கள்?

ஹைதர் அலியின் படை வந்த சமயம் ஓர் உதாரணம். கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. குடியானவர்களோ மாடு தர மறுத்துவிட்டார்கள். சர்க்கார் கூலி கொடுக்காது என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். கடைசியில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் போனார்கள். “என் கையாலேயே பணம் தருகிறேன், எதிரி பிடித்துப் போகும் மாட்டுக்கும் நானே ஈடு தருகிறேன்” என்று அவர் ஊர் ஊராக ஆள் அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. சீக்கிரமே 80,000 கலம் தானியமும் கோட்டைக்குள் வந்துவிட்டது! ராஜாவின் சொல்லுக்கு அசையாத மாடு, கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு ஜெர்மானியரின் சொல்லுக்கு நடந்தது.

அந்த மனிதருக்குப் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அவர் அழைத்து வந்து வளர்த்த பையன்தான் பின்னால் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். அடைபட்டுக் கிடந்த சரபோஜிக்காகக் கும்பெனியிடம் வழக்காடியவரும் இவரே. சரபோஜி 1798-ல் பட்டம் ஏறியபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். சரபோஜி கடைசிவரை ஹிந்துதான். ஆனாலும் பாதிரியாரின் கல்லறைக்கு இங்கிலீஷில் தாமே கவி எழுதினார். அதிலே தகப்பன் என்ற சொல் வருகிறது.

சிவகங்கைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், 1779-ல் கட்டிய கோயிலில், பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் பாதிரியார், அவர் கையைப் பற்றியபடி மன்னர். என்னை அங்கே அழைத்துப்போனவர் திருவையாற்றுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல். அவரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

“அறுப்பு நேரத்திலே மழை பிடிச்சுக்கிட்டுது, தம்பி. குறுவை அத்தனையும் சாஞ்சு, கதிரிலேயே முளைச்சுப் போச்சு. ‘நீர்தானே ஆளுகிறவர்? ஒரு வாரம் நிறுத்தியிருக்கக் கூடாதா?’ன்னு சண்டை போட்டேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை கோயில் பக்கமே போகல்லை.”

“அப்புறம்?”

“மூணாவது வாரம் போனேன். அப்பாகிட்டே எத்தனை நாள்தான் பேசாம இருக்கிறது?”

“மழைக்குக் காரணம் சொன்னாரா?”

“இல்லே.” சிரித்தார். “நானும் என் பிள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் காரணம் சொன்னவன் இல்லையே! ஆனா சம்பாவுக்கு விதை நெல் கடனாக் கிடைச்சுது. அதைக் கொடுத்தவன் என்னோடே பத்து வருஷமா வரப்புத் தகராறு பண்ணிக்கிட்டிருந்தவன்.”

வெயில் ஏறியிருந்தது. ஒரு காப்பி ஹோட்டலுக்குள் நுழைந்தோம். காப்பி வந்ததும் அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டருகே கொண்டுபோயிருந்த டம்ளரை நான் மெதுவாகக் கீழே வைத்தேன்.