உயிரோடு இருக்கும்போதே பதிவாகட்டும்

வரதட்சணைச் சாவு வழக்கு நிலைக்க, திருமணமான 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ, உடற்காயத்தாலோ, இயல்புக்கு மாறான வேறு சூழலிலோ இறந்திருக்க வேண்டும். இறப்பதற்குச் சற்று முன்பு கணவரோ அவரது உறவினரோ வரதட்சணை கேட்டு அவரைக் கொடுமைப்படுத்தியதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். காட்டிவிட்டால், சாவுக்கு அவர்களே காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்தாக வேண்டும். 1986இல் வந்த இந்த ஏற்பாடு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவிலும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 118ஆம் பிரிவிலும் தொடர்கிறது. நான்கு சுவருக்குள் நடப்பதற்குக் கண்கண்ட சாட்சி கிடைக்காது என்பதாலேயே சட்டம் இவ்வளவு தூரம் இறங்கிவந்தது. அப்படியும் வழக்குகள் தோற்கின்றன. கொடுமையைக் காட்டுவது என்ற அந்த முதல்படிக்கான சான்று பெண் உயிரோடு இருக்கும்போதே உருவாக வேண்டியது. அதை நாம் உருவாகவிடுவதில்லை.

‘சற்று முன்பு’ என்பது ‘உடனடியாக முன்பு’ அல்ல. கொடுமைக்கும் சாவுக்கும் அறுபடாத தொடர்பு இருந்தால் போதும் என்று சத்பீர் சிங் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்தத் தொடர்பு அறுபடும் இடத்தைப் பாருங்கள். பிறந்த வீட்டுக்கு வந்த மகளை, ‘அனுசரித்துப் போ’ என்று பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்புகிறார்கள். மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாலோ, ‘சேர்ந்து வாழச் சம்மதம்’ என்று இரு தரப்பிலும் எழுதி வாங்கி மனுவை முடித்துவிடுகிறார்கள். எத்தனை சவரன், யார் கேட்டது, எந்தத் தேதியில் என்பது அந்தத் தாளில் இருப்பதில்லை. சாவுக்குப் பின், துக்கத்தில் உடைந்துபோன தந்தை, விசாரிக்க வரும் கோட்டாட்சியரிடம் ‘அடிக்கடி பணம் கேட்டார்கள்’ என்று மட்டும் சொல்கிறார். கேட்டது பைக்குக்கான பணம் என்று ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் விவரிக்கும்போது, ‘இதை அன்றே ஏன் சொல்லவில்லை?’ என்ற குறுக்கு விசாரணையில் வழக்கு ஆட்டம் காண்கிறது.

இந்தச் சட்டங்கள் பழிவாங்கப் பயன்படுகின்றன என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. வரதட்சணைக் கொடுமைப் புகார்களில் இயந்திரத்தனமாகக் கைதுசெய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்தது; பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டில் உறவினர்கள் அனைவரையும் சேர்ப்பதையும் கண்டித்திருக்கிறது. அதற்குத் தீர்வும் துல்லியமான பதிவுதான். கேட்டவர் பெயரும் நாளும் எழுத்தில் இருந்தால், வெளியூரில் வாழும் நாத்தனாரை வழக்கில் இழுப்பது கடினம். கேட்டவர் தப்புவதும் கடினம். பதிவு செய்தால் குடும்பம் உடையும் என்பார்கள். வாக்குமூலத்தை எழுதிவைப்பது கைது ஆகாது. மீண்டும் கொடுமை நடந்தால் கேள்வி வரும் என்ற அச்சத்தை அது கணவர் வீட்டில் உண்டாக்கும்.

ஆகவே, சமரசத்தில் முடியும் ஒவ்வொரு மனுவிலும் கேட்ட பொருள், தொகை, தேதி, கேட்டவர் பெயர் ஆகியவை பெண்ணின் வாய்மொழியிலேயே பதிவாக வேண்டும். நகல் அவர் கையில் தரப்பட வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் வங்கிப் பரிமாற்ற விவரங்களும் அழியாமல் சேர்க்கப்பட வேண்டும். கோட்டாட்சியர் விசாரணையும் இதே கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுத வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. உள்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதை அரசு தள்ளிப்போடக் கூடாது.