குருதியில் ஒரு பாடவேறுபாடு

பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்ப்போர் ஓர் உண்மையை அறிவர். ஒரே நூலின் ஓர் ஏட்டில் ‘அறம்’ என்றிருக்கும். மற்றோர் ஏட்டில் அதே இடத்தில் ‘அரம்’ என்றிருக்கும். படியெடுத்தவர் கைதவறி எழுதிய ஓரெழுத்து, அவ்வேட்டைப் பார்த்து எழுதியோர் வழியே தனியொரு பாடமாக நிலைத்துவிடும். மனித உடலில் பொதிந்துள்ள மரபணுக்களின் வரலாறும் இத்தகையதே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோவைக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் நீலகிரியே சான்று. அம்மலைவாழ் பழங்குடியினர் பலரிடம் அரிவாளணுக் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈமோகுளோபினை ஆக்கும் மரபணுவில் ஓரெழுத்து மாறியதன் விளைவு இது. அம்மாற்றத்தால் ஆறாம் அமினோ அமிலமாகிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்து அமர்கிறது.

இக்கூற்றைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமுடன் வாழ்கிறார். கொடிய மலேரியாவினின்றும் பெருமளவு காக்கப்படுகிறார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ செவ்வணுக்கள் அரிவாள்போல் வளைந்து குருதிக்குழாய்களை அடைக்கின்றன. சோகையும் தாளா வலியும் வாழ்நாள் துணையாகின்றன. கேடயமும் வாளும் ஒன்றாயிருக்கும் விந்தை இது!

இம்மாற்றம் ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே ஒருமுறை தோன்றியதென 2018இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. மனித குலத்தின் நீண்ட வரலாற்றில் இது நேற்று எழுதிய எழுத்தேயாகும். இந்தியப் பழங்குடியினரிடமும் கிழக்கு அரேபிய மக்களிடமும் இதனைச் சூழ்ந்துள்ள மரபணு அமைப்பு ஒன்றாகவே காணப்படுவதால், அறிஞர் அதனை ‘அரபு-இந்திய’ வகை என்பர். மலைக்குடியும் பாலைக்குடியும் ஒரே பாடத்தைச் சுமக்கின்றன. ஆயினும், ஒரு குடியில் பிறந்த எல்லோரும் அதனைச் சுமப்பதில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இருக்கும், தம்பிக்கு இராது. அவ்வாறாயின், ‘எங்கள் குருதி தூயது’ என்னும் பெருமிதத்திற்கு இடமேது?

இங்கே நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணமுடிப்பது நம்மிடையே மட்டுமன்றித் தமிழகத்தின் பல சமூகங்களிலும் உள்ள வழக்கம். அரிவாளணுச் சோகையும் தலசீமியாவும் போன்ற கூறுகள் மணமக்கள் இருவரிடமும் மறைந்திருக்கும் வாய்ப்பு அத்தகைய மணங்களில் மிகும். இருவரும் ஒரே கூற்றைச் சுமப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்திற்கு முன் இவ்விரு நோய்களுக்குமான குருதிச் சோதனை கட்டாயம். முடிவு எதுவாயினும் மணம் புரிவது மணமக்கள் விருப்பம். நம் நாட்டிலும் அரிவாளணுச் சோகையை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 சூலையில் தொடங்கப்பட்டது. ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவுக்கு வருவோரிடம் இச்சோதனையை அறிவுறுத்தினால் என்ன?

‘பெண்ணின் பெயர் கெட்டுவிடுமே’ என்று சிலர் அஞ்சுவர். அச்சம் நியாயமானதே. ஆதலின் சோதனை ஆணுக்கும் வேண்டும். முடிவு மணமக்களோடு நிற்க வேண்டும். ஒருவர் மட்டுமே இத்தகைய கூற்றைச் சுமந்து, மற்றவரிடம் இவற்றுள் எக்கூறும் இல்லையெனில் குழந்தைக்கு அந்நோய் வாராது என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். மரபணுவில் எழுத்து மாறியது எவர் குற்றமும் அன்று. படித்தறிய வாய்ப்பிருந்தும் ஏட்டை மூடி வைப்பதே குற்றம்.