பட்டை தீட்டினால் நாடு மாறும்

பட்டை தீட்டும் சக்கரத்தில் ஏறி இறங்கியதும் வைரத்தின் நாடு மாறிவிடுகிறது. போட்ஸ்வானாவில் தோண்டியெடுத்த கல்லை சூரத்தில் தீட்டினால், சுங்க ஏட்டில் அது இந்தியச் சரக்கு. சைபீரியாவின் யாகுத்தியாவில் எடுத்த கல்லுக்கும் அங்கோலாவில் எடுத்த கல்லுக்கும் இதே கணக்குதான். ஒரு பொருளின் தன்மையை அடியோடு மாற்றும் வேலை எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாடே அதன் பிறப்பிடம் என்பது பன்னாட்டு வணிகத்தில் ஊறிப்போன விதி. மங்கலான ஒரு கூழாங்கல்லை 57 பட்டைகள் கொண்ட கல்லாக்குவது அப்படிப்பட்ட வேலை என்பதில் பெரும்பாலான நாடுகளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

இந்த விதியால் மிக அதிகம் ஆதாயம் அடைந்த நாடு இந்தியா. எண்ணிக்கைப்படி பார்த்தால் உலகில் தீட்டப்படும் பத்துக் கற்களில் ஒன்பது நம் நாட்டில்தான், பெரும்பாலும் சூரத்தில், தீட்டப்படுகின்றன. ஆனால் இங்கே தோண்டியெடுப்பது சொற்பம். மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் என்.எம்.டி.சி. நடத்தும் சுரங்கத்தை விட்டால் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மீதி எல்லாம் இறக்குமதி. 2021-22இல் சுமார் 2,400 கோடி டாலராக இருந்த தீட்டிய வைர ஏற்றுமதி 2024-25இல் சுமார் 1,330 கோடி டாலராகச் சரிந்தது. அதே ஆண்டில் கச்சா வைர இறக்குமதி சுமார் 1,080 கோடி டாலர். ஏற்றுமதி எண்ணை மட்டும் மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவது அரசியல்வாதிகளின் வழக்கம். சூரத்துக்கு உண்மையில் கிடைக்கும் கூலியையும் லாபத்தையும் தோராயமாகவாவது அறிய வேண்டுமென்றால் ஏற்றுமதி எண்ணிலிருந்து இறக்குமதி எண்ணைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நான் பள்ளுருத்தியில் இருந்துகொண்டு கொச்சித் துறைமுகம் வழியாகப் போகும், வரும் சரக்குகளுக்குச் சுங்க ஆவணம் எழுதிக் கொடுப்பவன். எங்கள் பிழைப்பு மிளகு, முந்திரி, இறால். வைரம் எங்கள் கைக்கு வருவதில்லை; அது விமானத்தில் மும்பைக்கும் சூரத்துக்கும் போய்விடும். ஆனால் பிறப்பிடச் சான்று என்ற ஒற்றைக் காகிதத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியட்நாம் மிளகு இலங்கையைச் சுற்றிக்கொண்டு, இலங்கை மிளகு என்ற பெயரில் வரிச் சலுகையோடு இந்தியாவுக்குள் நுழைகிறது என்று விவசாயிகள் கூக்குரல் எழுப்பியபோது, 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1957 முதல் மிளகு முன்பேர வணிகம் நடந்த மண்டபத்தைச் சுற்றி அப்போது வேறு பேச்சே இல்லை. கிலோ சில நூறு ரூபாய் பெறும் மிளகு எந்த மண்ணில் காய்த்தது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். காரட் லட்சக்கணக்கில் போகும் கல்லிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அண்மையில் எங்கள் தெருவில் பேத்தி கல்யாணத்துக்குக் கம்மல் வாங்கி வந்த ஒரு மாமி, கடையில் கொடுத்த சான்றிதழை என்னிடம் நீட்டினார். “நீதான் இந்த மாதிரிக் காகிதமெல்லாம் பாக்கறவனாச்சே. இதுல எந்த ஊர்க் கல்லுன்னு போட்டிருக்காப்பா?” என்று கேட்டார். எடை காரட் கணக்கில் இரண்டு தசமம் வரை இருந்தது. நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் இருந்தன. கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும் இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பார்த்தால் மட்டுமே தெரியும் எழுத்து. ஊர் இல்லை. “எங்கம்மா தோடு புளூ ஜாகர். அது எங்கே வெட்டினதுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார் அவர். உண்மைதான். தமிழ்க் குடும்பங்கள் ஏழுகல் தோட்டுக்கும் எட்டுக்கல் பேசரிக்கும் தேடித் தேடி வாங்கிய புளூ ஜாகர், தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரால் விற்ற கல். 1893இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் கிடைத்தது அங்கேதான். அந்தச் சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் நகைக்கடைகளில் இன்னும் விலைபோகிறது. அந்தப் பெயரில் விற்றதெல்லாம் அந்தச் சுரங்கத்துக் கல் என்று நம்ப நான் தயாரில்லை. ஆனாலும் வாங்குகிறவர் சுரங்கத்தைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது.

வழக்கமான தரச் சான்றிதழில் பிறப்பிடத்துக்கு இடமே கிடையாது. அப்படியானால் ‘ரத்த வைரம்’ பற்றி இவ்வளவு பேசினார்களே, கிம்பர்லி சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கோலாவில் யுனிடா படைகளும் சியரா லியோனில் ஆர்.யு.எஃப். கலகக்காரர்களும் வைரம் விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். அது அம்பலமானபோது, 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் அரசுகளும் வணிகர்களும் தொண்டு நிறுவனங்களும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 2003 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முத்திரையிட்ட பெட்டி, போலி செய்ய முடியாத காகிதம், எடை, மதிப்பு, அனுப்பியவர், பெறுபவர் என்று எல்லாம் முறையாக இருக்கும். சான்றிதழ் இல்லாத கச்சா வைரம் உறுப்பு நாடுகளுக்குள் நுழைய முடியாது.

ஆனால் அந்தச் சான்றிதழின் எல்லை கச்சாக் கல்லோடு முடிந்துவிடுகிறது. சக்கரத்தில் ஏறிய கல்லுக்கு அது பேசாது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பொட்டலத்தில் இருப்பதெல்லாம் ஒரே நாட்டுக் கல்லாக இருந்தால்தான் பிறந்த நாட்டைக் குறிப்பிட வேண்டும் என்கிறது விதி. பல நாட்டுக் கல்லைக் கலந்துவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. இப்போது துபாயை எண்ணிப் பாருங்கள். ஒரு சுரங்கம்கூட இல்லாத அந்த ஊர் 2021இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பை முந்திக்கொண்டு உலகின் மிகப் பெரிய கச்சா வைரச் சந்தையாகிவிட்டது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து வரும் பொட்டலங்கள் அங்கே பிரிந்து, கலந்து, தரவாரியாக அடுக்கி, புதிய சான்றிதழோடு சூரத்துக்கு வருகின்றன. இந்திய இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் ஐக்கிய அரபு அமீரகம் பெரிய வைர நாடாகத் தெரிவது இதனால்தான். துபாயில் கலப்பவர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. டி பீர்ஸ் நிறுவனமும் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, கனடா கற்களை ஒன்றாகச் சேர்த்து, தரம் பிரித்து விற்றுப் பழகியதுதான். முன்பு லண்டனில் நடந்த அந்த விற்பனை 2013இல் போட்ஸ்வானாவின் தலைநகரான காபரோனுக்கு மாறியது.

பெயர் மாற்றி விற்கும் வித்தை நம் மேற்குக் கரைக்குப் புதிதல்ல. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தபோது, அதுவரை இந்திய வைரத்தையே விற்றுவந்த ஐரோப்பிய வணிகர்கள் கலங்கிப்போனார்கள். பிரேசில் கல் மட்டம், அது கோவாவிலிருந்து கடத்திப்போன கழிவு என்று புரளி கிளப்பினார்கள். போர்ச்சுகீசியர்கள் அசரவில்லை, பிரேசில் கல்லைக் கோவாவுக்குக் கொண்டுவந்து இந்திய வைரம் என்று விற்றார்கள் என்று பழைய வைர நூல்கள் சொல்கின்றன. கிழக்குக் கரையில் சென்னையின் கதை வேறு. இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து லண்டன் வழியாக வந்த பவளத்தைக் கொடுத்து யூத வணிகர்கள் கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். மண்ணடிப் பக்கத்துப் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் மிச்சம். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 410 காரட் கல்லை வாங்கி, 1702இல் மகன் மூலம் லண்டனுக்கு அனுப்பினார். அது அவர் கைக்கு வந்த வழியைப் பற்றி ஊரெல்லாம் வம்பு பேசியது. தீட்டியபின் சுமார் 140 காரட்டாகக் குறைந்த அந்தக் கல்லை 1717இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். கல் பிரான்ஸுக்குப் போனபின் வம்பை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று அது பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ‘ரீஜன்ட்’ என்ற பெயரில் இருக்கிறது.

பிறப்பிடத்தை மறைத்து விற்று மூன்று நூற்றாண்டு ஓடிய இந்த வசதிக்கு 2024இல் முதல் அடி விழுந்தது. உக்ரைன் போரை முன்னிட்டு ஜி-7 நாடுகள் அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ரஷ்ய வைரத்தை நேரடியாக வாங்குவதற்குத் தடை விதித்தன. மார்ச் 1 முதல் வேறு நாட்டில் தீட்டிய ரஷ்ய வைரத்துக்கும் தடை; முதலில் ஒரு காரட்டும் அதற்கு மேலும், செப்டம்பரிலிருந்து அரை காரட்டும் அதற்கு மேலும். உலகக் கச்சா வைரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுப்பது ரஷ்யாவின் அல்ரோசா. சூரத் ஆடிப்போனது இயல்புதான்.

வேடிக்கை அதற்குப் பிறகு வந்தது. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. சூரத்தில் தீட்டிய கல் அதில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால் வரி விதிக்கும் அதிகாரிக்கு அது இந்தியக் கல். அதே கல் ரஷ்யாவில் தோண்டியதாக இருந்தால், தடைச் சட்டத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது ரஷ்யக் கல். ஒரே துறைமுகம், ஒரே பெட்டி, இரண்டு குடியுரிமை. எது வாங்குகிறவருக்கு வசதியோ அது. இதை அநியாயம் என்று டெல்லி சொன்னதில் தவறில்லை. ஆனால் நாமும் அந்த இரட்டை வாழ்க்கையில் சுகமாக இருந்தவர்கள்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கி, இந்தியக் கல் என்று எழுதி விற்றபோது நமக்கு விதி இனித்தது.

பிறப்பிடம் அழிவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் நான் போட்ஸ்வானாவைக் காட்டுவேன். கலகமோ கொள்ளையோ இல்லாமல், டி பீர்ஸோடு சரிபாதிப் பங்கில் சுரங்கம் நடத்தி, அந்தப் பணத்தில் பள்ளியும் சாலையும் போட்ட நாடு அது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தால் சந்தை சரிந்ததும் அரசின் வருவாய் வற்றியது. 2025 ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாட்டுக்காக அதன் அதிபர் டூமா போகோ பொதுச் சுகாதார நெருக்கடிநிலை அறிவிக்க வேண்டிவந்தது. தன் கல் எது என்று சொல்லி விற்க முடிந்தால் ஒழுங்காக நடக்கும் ஒரு நாட்டுக்குக் கொஞ்சமாவது கூடுதல் விலை கிடைக்கும். கலந்த பொட்டலத்தில் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே விலைதான். (ஆய்வக வைரம் தனிக் கட்டுரைக்கு உரியது. சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென்று சுமார் 243 கோடி ரூபாயில் ஐந்தாண்டு ஆய்வுத் திட்டம் ஓடுகிறது. இயற்கை வைரத்தை அது எவ்வளவு விழுங்கும் என்று இப்போதே சோதிடம் சொல்ல வேண்டாம்.)

2026ஆம் ஆண்டுக்குக் கிம்பர்லி அமைப்பின் தலைமை இந்தியாவிடம் இருக்கிறது. 2008, 2019க்குப் பிறகு இது மூன்றாம் முறை. பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அங்கே எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும். ஒரு நாடு தலையை ஆட்டாவிட்டால் போதும், கதை முடிந்தது. கலகப் படைகள் அரசை எதிர்க்க விற்கும் கல் மட்டுமே ‘மோதல் வைரம்’ என்ற 2003ஆம் ஆண்டு வரையறையை இன்றுவரை விரிவாக்க முடியவில்லை. அரசுப் படையே சுரங்கத்தில் ஆட்களைச் சுட்டால் அந்த வரையறையில் அது அடங்காது. ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயல்களில் நடந்தது அதுதான். திட்டத்தை உருவாக்க உழைத்த குளோபல் விட்னஸ் அமைப்பு 2011இல் வெறுத்து வெளியேறியது.

ஆகவே தலைமை நாற்காலியைவிட உள்ளூர்ச் சட்டத்தையே நான் நம்புகிறேன். தங்கத்தில் அது நடந்திருக்கிறது. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோது சிறு நகைக்கடைகள் தாங்காது என்றார்கள். இன்று தோப்பும்படியில் இரண்டு கிராம் மோதிரம் வாங்கினாலும் ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறது; அதைக் கைப்பேசிச் செயலியில் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும் அம்மாக்களை நான் பார்க்கிறேன். வைரத்துக்குச் சட்டப்படி அப்படி எதுவும் இல்லை.

எல்லாக் கல்லுக்கும் கேட்பது நடக்காத காரியம். ஒரு சென்ட், இரண்டு சென்ட் பொடிக்கற்கள் ஆயிரக்கணக்கில் சல்லடையில் சலித்துப் போகும் சரக்கு; அவற்றுக்கு ஊர் எழுதச் சொன்னால் கூலியைவிடக் கணக்கெழுதும் செலவு மிஞ்சும். கட்டிங் பட்டறை வைத்திருப்பவர் பட்டறையை மூடிவிடுவார். ஆனால் அரை காரட்டும் அதற்கு மேலும் உள்ள கல்லுக்கு இந்த வாதம் செல்லாது. அமெரிக்காவுக்கு அனுப்பும் அந்த அளவுக் கல் ரஷ்யாவில் தோண்டியதல்ல என்று 2024 முதல் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்காகவே ஏற்றுமதி நிறுவனங்கள் கச்சாக் கல் வாங்கிய பில்லையும் பொட்டலங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கின்றன. விவரம் சூரத் அலுவலகங்களின் கணினிகளில் இருக்கிறது. நியூயார்க் வாடிக்கையாளருக்கு எழுதித் தரும் அந்த ஒரு வரியை, எந்த நாட்டுச் சுரங்கம் என்ற விவரத்தோடு, கொச்சிக்கும் கோவைக்கும் வரும் கல்லின் பில்லிலும் எழுத வேண்டும் என்று வணிக அமைச்சகம் ஓர் அறிவிக்கையில் சொல்லிவிடலாம். கிம்பர்லி கூட்டத்தில் யாருடைய சம்மதமும் அதற்குத் தேவையில்லை.

– கட்டுரையாளர்: சுங்க ஆவண ஆலோசகர், பள்ளுருத்தி, கொச்சி.